முக்கால் முகவரி

ஒரு வலைமுகவரியின் எழுத்துகள் வரிசையாக ஒரு மின்புத்தகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. வாசலில் காவல் நின்ற அச்சுக்கோக்கும் நிரல், சதவீதக் குறியைக் (%) கண்டதும் கையை நீட்டி மறித்தது.

"என் சட்டப்படி, நீ வந்தாலே, உனக்குப் பின்னால் வருவதெல்லாம் எழுதியவர் தனக்காகக் கிறுக்கியது என்றுதான் அர்த்தம். எதுவும் அச்சில் ஏறாது. எல்லாரும் திரும்பிப் போங்கள்."

வரிசையின் கடைசியில் நின்ற எட்டு என்ற குட்டி எண்ணுக்கு அழுகை முட்டியது.

ஏற்கெனவே உள்ளே போயிருந்த எழுத்துகள், "விடுப்பா, முக்கால் முகவரி வந்தாச்சு. அது போதும்," என்றன.

"முக்கால் முகவரியை வச்சுக்கிட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? இவங்க வராம நான் நகரமாட்டேன்," என்று வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது சதவீதக் குறி.

ஓரமாக நின்ற பின்சாய்கோடு (\) ஒன்று வந்து சதவீதக் குறிக்கு முன்னால் நின்றது. "இவர் என் ஆள். உள்ளே விடு."

"நீ முன்னால் நின்று சொன்னால், அவரை வெறும் குறியாக எண்ணி விடத்தான் வேண்டும். அதுவும் சட்டம். ஆனால் சிபாரிசு செய்பவருக்கு அச்சாகும் பக்கத்தில் இடம் கிடையாது, தெரியுமில்லையா?"

"நான் இடம் கேட்கலையே."

அச்சான பக்கத்தில் முகவரி முழுசாக இருந்தது. வாசகர் ஒருவர் திரையில் அதைத் தொட்டார், அந்த வலைத்தளத்தின் கதவு திறந்தது.

"நமக்காகப் பேசினவர் எங்கே?" என்றது எட்டு.

சதவீதக் குறி முன்னால் பார்த்தது. அங்கே மயிரிழை இடைவெளிகூட இல்லை. வாசல் பக்கமிருந்து மட்டும் அந்தக் குரல் கேட்டது:

"இவரும் என் ஆள்தான். உள்ளே விடு."