பூட்டு சாரின் பாஸ்வேர்டு

கிட்ட வந்து உட்காருங்கள். ஒருவருடைய பாஸ்வேர்டு சமாச்சாரம், உரக்கச் சொல்லக்கூடாது.

ஆபீஸில் அவருக்குப் பெயரே பூட்டு சார். வேலைக்குச் சேருகிற அத்தனை பேருக்கும், பாஸ்வேர்டை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று வகுப்பெடுப்பவர். வீட்டிலும் அதே வகுப்புதான். நடுவில் டீ இடைவேளை மட்டும் கிடையாது.

பேங்க், கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், மகளின் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே பெட்டகத்தில் போட்டுப் பூட்டியிருந்தார். அதைத் திறக்க ஒரே பாஸ்வேர்டு. நாலு வார்த்தை, ஒன்றுக்கொன்று ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அதையும் அடிக்கடி மாற்றுவார்.

"ஆத்திர அவசரத்துக்கு என்கிட்டயாவது சொல்லி வைங்களேன்" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"உன்கிட்டயா? தெரு முழுக்கத் தெரிஞ்சுடும்!"

அன்றைக்கு மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் சான்றிதழை அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அசல் எல்லாம் பேங்க் லாக்கரில் மகா பத்திரமாக இருந்தது. பேங்குக்கு லீவு.

பூட்டு சார் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். மறுபடி தப்பு.

"என்னப்பா ஆச்சு?"

"போன வாரம்தான் மாத்தினேன். பழசும் புதுசும் குழம்புது. நீ சும்மா இரு."

இன்னும் ஒரு தடவை தப்பானால் நாளைக்குத்தான் திறக்கும் என்றது திரை. மகள் கண் கலங்கிவிட்டாள். உள்ளே யாராவது கதவைத் திறப்பார்கள் என்பதுபோல் அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மகளிடம் ஆரம்பித்தாள்.

"விடியக்காலம் ஒரு கனவு வந்துச்சுடி."

"அம்மா! கனவு சொல்ற நேரமா இது?"

"கேளேன். ஒரு ஒட்டகம் ஏணியில ஏறுது. ஏறிப் போய், மீசையை முறுக்கிக்கிட்டு, தலையணை மேல உக்காருது."

"ஒட்டகத்துக்கு ஏதும்மா மீசை?"

"கனவுதானே, முளைச்சுக்கும்."

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா! மனுஷனை யோசிக்க விடுங்க!" என்று கத்தினார் பூட்டு சார்.

கத்தி முடித்த கையோடு, "வந்துடுச்சு!" என்று துள்ளினார்.

பெட்டகம் திறந்தது. சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பார்த்தியா? எழுதி வைக்கல, யார்கிட்டயும் வாயைத் திறக்கல. மண்டை சமயத்துல எடுத்துக் கொடுத்துச்சு. நீங்க ஒட்டகம் கிட்டகம்னு தொல்லை பண்ணாம இருந்திருந்தா இன்னும் சீக்கிரமே வந்திருக்கும்."

"ஆமாங்க, தப்புதான்" என்றாள் மனைவி.

"எதுக்கும் இப்பவே புதுசு போட்டுடறேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

திரும்பிக்கொண்டார்கள்.

பூட்டு சார், வழக்கம்போல, ஒவ்வொரு வார்த்தையையும் கணீரென்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்ட ஆரம்பித்தார்.

மனைவி எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.