காதுவலிக்கு ஆறு வாரமா?

காதைப் பொத்திக்கொண்டு மருத்துவமனை அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளக்கும் கணவரைப் பார்த்தே மனைவிக்குக் கால் வலித்தது.

"உட்காருங்களேன்!"

இளம் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "காதுலேருந்து மண்டையோட்டு அடி எலும்புக்குக் கிருமி பரவிடுச்சு, சார். சர்க்கரை வேற. வாயும் கோணிடுச்சு. ஆறு வாரம் ஊசி போடணும்."

"காதுவலிக்கு ஆறு வாரமா? சொட்டு மருந்து போதும்!"

"மூணு வாரமா அதைத்தானே ஊத்திக்கிறீங்க?" மனைவி பையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து வாசித்தாள். "'சர்க்கரை நோயாளியின் தீராத காதுவலிக்குச் சொட்டு மருந்தே போதும் என்பவர் உயிரோடு விளையாடுகிறார்.'"

"எந்த அரைவேக்காடு எழுதினது?"

அவள் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் காதுநோய்ப் பேராசிரியர் இரண்டு கன்னமும் விரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்துக்காரர், ஒரு பக்கம் மட்டும் அசைந்த வாயை மூடிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார்.