விளைமீன் குழம்பு

ஞானப்பூவின் ஒரே மகனைக் குத்திக் கொன்ற எமர்சன் தண்டனை முடிந்து வெளியே வந்தபோது, சிறைவாசலில் அவள் மட்டுமே நின்றிருந்தாள். “வீட்டுக்கு வாலே” என்றாள். மறுக்கத் துணிவில்லாமல் பின்னால் நடந்தான்.

வீட்டில், செத்தவனின் சட்டையை உடுத்தக் கொடுத்தாள். ஒரே ஒரு தட்டு வைத்து, சோறு போட்டு, மகனுக்குப் பிடித்த விளைமீன் குழம்பை ஊற்றினாள்.

“அம்மா, எனக்குள்ள தண்டனைய முழுசா அனுபவிச்சிட்டேன்.”

“அது சட்டத்துக்கு. கர்த்தர் மன்னிக்கச் சொல்லுதாரு. இவன எப்படி ஆண்டவரே மன்னிக்கன்னு தெனமும் முழங்கால்ல நின்னு கேட்டேன். நேத்துதான் வழி காட்டுனாரு.”

“என்ன வழி?”

“சாப்பிடு.”

“நீங்க சாப்பிடலையா?”

“எனக்கு உபவாசம்.”

கதவைச் சாத்திவிட்டு வந்து, முக்காடிட்டு, அவன் எதிரே முழங்காலிட்டுக் கண்களை மூடினாள். கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அது அவள் மகனுக்காகவா, தனக்காகவா என்று எமர்சனுக்குத் தெரியவில்லை. குழம்பில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க நினைத்தான். கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தான். ருசியாகத்தான் இருந்தது.

ஞானப்பூ கண்களைத் திறந்து, அவன் விழுங்குவதற்காகக் காத்திருந்தாள்.