போன வாரக் கல்லீரல்

பஸ் ஓட்டும் அந்த அம்மாவின் கல்லீரலில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அல்ட்ராசவுண்டில் அது கண்ணாமூச்சி காட்டியது. போன வாரம் எடுத்த எம்ஆர்ஐ படத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. அதனால் டாக்டர் திரையின் இடப்பக்கம் பழைய படத்தையும், வலப்பக்கம் இப்போது ஓடும் படத்தையும் வைத்துப் பொருத்தினாள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ஊசி இறங்க வேண்டும். தப்பினால், கட்டி நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் போகும்.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்கக்கா."

"டிராஃபிக் புகையில இதுதானே டாக்டர் என் பொழப்பே," என்று சிரித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

வலப்பக்கக் கல்லீரல் அசையாமல் நின்றது. இடப்பக்கத்தில் இருந்த போன வாரக் கல்லீரல் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் அந்த அம்மாவை மூச்சு விடச் சொல்லிவிட்டு ஒயரைச் சரிபார்த்தாள். படத்தை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அப்போதும் அதே கதைதான். அவளுக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது, கேட்டுப் பார்க்கலாமே என்று. அந்த அம்மாவை மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் குனிந்தாள்.

"நீங்களும் பிடிச்சுக்கோங்க."

அது நின்றது. ஊசி ஒரே தடவையில் கட்டியில் இறங்கியது.

"அவ்ளோதான்க்கா, மூச்சு விடுங்க."

"யாருகிட்ட பேசுனீங்க?"

"மெஷின்கிட்ட."

ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். இடப்பக்கக் கல்லீரல் மட்டும் இன்னும் அசையாமல் காத்திருந்தது. மெஷினை அணைக்க ஸ்விட்ச் வரை போன கையை டாக்டர் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் விட்டுடுங்க."