பூனையைச் சுற்றிய பிசுக்கு

சிரிப்பு கடைசியில் வரும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் அடுப்பு.

எங்கள் கண்ணாடி அடுப்பு, அம்மா வாங்கியது. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அடுப்பின் மூலையில் ஒரு பூனை ஸ்டிக்கர். "பூனை இருக்கற பக்கம் கை வைக்காதே, சுடும்" என்று, நான் தத்தக்கா பித்தக்கா என்று நடந்த காலத்தில் அம்மா ஒட்டியது.

போன வருஷம் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்தி வீட்டையே பளபளவென்று துடைப்பாள். பூனையைச் சுற்றி மட்டும் விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. அம்மாவின் பொருள்மேல் அக்கறை அவ்வளவுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று குக்கர் மூடி விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. உடனே சித்தி மெக்கானிக் கடைக்குச் சொல்லி அனுப்பினாள். எப்படா தூக்கிப் போடலாம் என்று காத்திருந்தாள் போல.

ஹெட்மாஸ்டரின் இருமல், அப்பாவின் கொட்டாவி, எதிர்வீட்டு மாமாவின் 'அலோ' எல்லாமே என் தொண்டைக்குள் உண்டு. மாடிப்படியில் உட்கார்ந்து, சித்திக்கு நம்பர் தெரியாத அப்பாவின் பழைய போனில் அவளைக் கூப்பிட்டேன். புது அடுப்புக்கு அவள் பறப்பதைப் பதிவு செய்து, சாப்பிடும்போது அப்பாவுக்குப் போட்டுக் காட்டவேண்டும். சிரிப்பு அங்கேதான்.

"அடுப்பு மெக்கானிக் பேசறேம்மா." வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு பேசுகிற குரல்.

பழசைக் கொடுத்துவிட்டால் அதைவிடப் பெரிதாகப் புதுசு தருகிறேன் என்று தூண்டில் போட்டேன். புதுசெல்லாம் வேண்டாமாம். கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதுமாம்.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. மூலையில ஒரு பூனை ஸ்டிக்கர் இருக்கு. எங்க பொண்ணு இருக்காளே, அவ அம்மா ஒட்டினது. ஈரத்துணி பட்டா உரிஞ்சிடும்னு ஒரு வருஷமா அதைத் தொடாமத்தான் துடைக்கிறேன். அந்த மூலையை மட்டும் பத்திரமா எடுத்து என் கையில குடுத்துடுங்க. கண்ணாடி போனாப் போகுது. பூனை போச்சுன்னா பொண்ணு தாங்க மாட்டா."

பதிவை நிறுத்தினேன்.

"அண்ணே, முடியும்தானே?"

முடியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூக்கு முந்திக்கொண்டது.

சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணே, நீங்க மூக்கு உறிஞ்சறது போன்லயும் கேக்குது, எங்க மாடிப்படியிலயும் கேக்குதே?"