நாலு மணி நேர சார்ஜ்

பின்னால் சின்ன அறை கட்டிய டிரக்கை மெக்கானிக்கிடம் காட்டினாள் அவள்.

“இந்த அறைக்குன்னு தனி பேட்டரிங்க. வண்டி ஓடினாத்தான் சார்ஜ் ஏறும்னு எங்க வீட்டுக்காரர் ஞாயிறானா கிளம்பிடறார். வாராவாரம் அலையாம ஒரு வழி பண்ணுங்க.”

“நீங்களும் கூடப் போகலாமேக்கா?”

“பொண்ணு வீட்டுப் பக்கம் போலாம்னு ஒருநாள் கேட்டேன். சொல்லாம கல்யாணம் பண்ணினவ வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டார். மூணு வருஷமாச்சு. பேரனை நான் இன்னும் பார்க்கலை.”

மெக்கானிக் அறைக்குள் ஏறி, அங்கிருந்த படுக்கையைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“வண்டி ஓடும்போது கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர்லேருந்து இதுக்கு ஒயரே வரலையேக்கா. ஆனா பேட்டரி ஃபுல்லா இருக்கு. யார் வீட்டுலயோ கரண்ட்ல சார்ஜ் போடறார்.”

பக்கத்திலிருந்த சார்ஜரை எடுத்து நீட்டினார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் மகளின் கையெழுத்து.

‘அப்பா, நாலு மணி நேரம் ஆகும். சாப்பிட்டுட்டுத்தான் கழட்டணும்.’

தன்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்ற கோபம்தான் முதலில் வந்தது. சீட்டை இரண்டாவது முறை படித்தபோது அந்தக் கோபம் தங்கவில்லை.

“ஒயர் இழுத்துடட்டுமாக்கா?”

“வேண்டாம். நான் இங்க வந்ததையும் அவர்கிட்ட சொல்லாதீங்க” என்றாள். “வர்ற ஞாயிறு நானும் வண்டில ஏறி உட்கார்ந்துக்கறேன். எங்க போய் சார்ஜ் போடறார்னு பார்ப்போம்.”