சட்டையில் மறந்த மைக்

பல்கலைக்கழகத்தில் பல்லூடக இதழியல் படிக்கும் நிலோஃபர், சாயக்கழிவு நீரைப் பற்றிய இறுதியாண்டுக் காணொளிக்காகச் சாயப்பட்டறைத் தொழிலாளி செங்கோடனைப் பேட்டி எடுத்தாள். "எங்கூர்க் கிணத்துத் தண்ணிக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று கேமராவைப் பார்த்துச் சொன்ன அவர், சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்ற மறந்து வீட்டுக்குள் போய்விட்டார். அவள் ஹெட்போனில் அவர் குரல் தொடர்ந்து வந்தது. "பொய் சொல்லிப்போட்டேன் சரசு. அந்தத் தண்ணிய நம்ம புள்ளைக்கு ஒரு வாய் குடுப்பமா?" ஹெட்போனின் ஒரு பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த வகுப்புத்தோழன் எபினேசர் துள்ளினான். "இது போதும்டி. ஃபர்ஸ்ட் மார்க் நமக்குத்தான்."

"இது அவர் நமக்குச் சொன்னதில்லடா" என்று நிலோஃபர் எழுந்து போய் வாசலில் நின்றாள். "அண்ணா, மைக் ஆன்லயே இருந்துச்சு. நீங்க உள்ள பேசினது எனக்குக் கேட்டுருச்சு."

செங்கோடனின் முகம் வெளிறியது. அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பதிவை அவள் அழித்தாள். எபினேசர் தலையில் கைவைத்துக்கொண்டான். கேட்க வேண்டிய கேள்வி எதுவென்று இப்போதுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அதையே இப்ப கேமரா முன்னாடி சொல்றீங்களாண்ணா?"

"வேலை போயிருமுங்க அம்மிணி."

அவள் அவசரப்படுத்தவில்லை, அங்கேயே காத்து நின்றாள். அடுப்படியிலிருந்து அவர் மனைவி சரசாத்தா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, கணவரின் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றித் தன் சேலையில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க நின்னா மூஞ்சி நல்லாத் தெரியுமுங்க?"